கசங்காத விரிப்பு

சிராங்கூன் சாலையில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. காலை வேலை முடிந்த தாதியர் இருவர், வெள்ளைச் சீருடையோடு எனக்கு முன்னிருக்கையில் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவளின் ஏளனக் குரல் பஸ் முழுக்கக் கேட்டது.

"பேஷண்ட் மட்டும் இல்லன்னா எங்க வார்டு மாதிரி அழகான வார்டு கிடையாதுலா."

மற்றவள் சிரித்தாள். "மேட்ரன் ரவுண்ட்ஸ் வந்தாங்களா?"

"வந்தாங்க. கட்டில் சக்கரமெல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருக்கணுமாம். தலகாணி உறையோட வாய் வாசலப் பாக்கக் கூடாதாம். குனிஞ்சு குனிஞ்சு சக்கரத்தப் பாத்தவங்க, கட்டில்ல படுத்திருக்கிற மூஞ்சிய ஒரு தடவ நிமிந்து பாக்கல."

"யாரும் வாயத் தொறக்கலியா?"

"ஒரு தாத்தா தண்ணி தண்ணின்னாரு. இவங்க காதுலயே விழல. ஷீட்டு நல்லா இருக்குன்னு பாராட்டிட்டுப் போனாங்க. மனுஷியா அவங்க?"

"பாவம். அப்பத்தான் கேட்டாரா?"

"இல்ல, அவங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாலேர்ந்தே கேட்டுட்டிருந்தாரு."

"அப்ப நீ குடுத்திருக்கலாமே?"

"நல்லா இருக்கே! அவரு எழுந்து உக்காந்தா கசங்கிடாதா? நான் இழுத்துச் செருகுன ஷீட்டுடி அது."