ஒரு வாரம் கேட்டு நின்றவருக்கு

புற்றுநோய்ப் பகல்நேரச் சிகிச்சைப் பிரிவில் முப்பத்தோராண்டு பணியாற்றி இன்று விடைபெறும் எங்கள் மூத்த செவிலியர் அக்காவுக்கு, உடன் உழைத்தோர் உவந்து அளிக்கும் மடல்.

கனிவின் உருவே! கலங்காத கரமே! கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கத் தெரிந்த பெருந்தகையே!

மருந்தேறி மருந்தேறி மறைந்துபோன நரம்பையும் ஒரே தொடுதலில் கண்டுபிடிப்பீர்கள். வாந்தியெடுத்த நோயாளி வெட்கப்படுமுன் தரையைத் துடைத்திருப்பீர்கள். இவற்றை மற்றவரும் முயன்றால் கற்கலாம். உங்கள் மௌனத்தைத்தான் எங்களால் கற்க முடியவில்லை.

கீமோ மருந்து சினைப்பையையும் கெடுத்துவிடக்கூடும் என்பதால், முதல் கீமோவுக்கு வரும் ஒவ்வொரு இளம்பெண்ணின் அருகிலும் நாற்காலியை இழுத்துப் போட்டு, "பின்னாடி குழந்தை வேணும்னா என்ன பண்றதுன்னு யாராவது உங்ககிட்ட பேசினாங்களா?" என்று கேட்பீர்கள். அதன்பின் வாய் திறக்கமாட்டீர்கள். சுவர்க் கடிகார முள் மட்டும் நகரும்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஏழாம் எண் நாற்காலியில் ஒரு தையல்காரப் பெண் அமர்ந்திருந்தாள். வயது இருபத்தேழு, மார்பகப் புற்று. அவள் கோப்பில் அந்தக் கேள்விக்கு நேராக, "திருமணமாகாதவர், பொருந்தாது" என்று எழுதியிருந்தது. நீங்கள் அதைப் படித்தபிறகும் கேட்டீர்கள்.

"அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே, இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்றார் உடன் வந்த அண்ணி.

நீங்கள் அவளையே பார்த்திருந்தீர்கள். விரலில் ஊசி குத்திய பழைய தழும்புகளைத் தடவியபடி வெகுநேரம் இருந்துவிட்டு அவள் சொன்னாள்: "உயிர் பிழைச்சா போதும்னு சொன்னாங்கக்கா. வேற எதுவும் கேக்கலாம்னு எனக்குத் தெரியாது."

கீமோவை ஒரு வாரம் தள்ளிப்போடக் கேட்டு, எப்போதும்போல் நேரே மருத்துவர் அறைக்குப் போனீர்கள்.

"வந்துட்டாங்கப்பா ஒரு வாரம் அக்கா! மருந்து கலந்தாச்சும்மா" என்று சிரித்தார் மருத்துவர்.

"கலந்ததைக் கொட்டிட்டு வேற கலக்கலாம் சார். இவளுக்குச் சினைப்பை போனா வேற கிடையாது."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஸ்கேனை மறுபடி பார்த்தார். "ஒரு வாரம் தரேன். அதுக்கு மேல ஒரு நாள் கேக்கக் கூடாது."

கருமுட்டையை எடுத்து உறைய வைக்க அந்த ஒரு வாரம் போதாது. சினைப்பையைத் தூங்க வைக்கும் ஹார்மோன் ஊசிக்குப் போதும். அன்றே அவள் அடிவயிற்றில் அதைப் போட்டீர்கள். "கீமோ நடக்கிறப்ப இது தூங்கட்டும். கண்டிப்பா முழிக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். முழிக்க ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான்" என்றீர்கள். பொய் சொல்லித் தேற்றும் பழக்கம் உங்களிடம் என்றுமே இருந்ததில்லை.

மாதம் ஒரு ஊசி. மாதவிடாய் நின்றது, உடம்பில் அனல் எழுந்தது. "வீட்ல ஒரே ஃபேனுக்கு அம்மாவும் நானும் சண்டை போடுறோம்கா" என்று சிரிப்பாள். சிகிச்சை முடிந்தது. அதன்பிறகும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் வந்து, மாதவிடாய் இன்னும் திரும்பவில்லை என்று உங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போவாள்.

சிகிச்சை முடிந்த எட்டாம் மாதம், முன்பதிவு ஏதுமில்லாத ஒரு நாளில், நடைபாதை நெடுக ஓடிவந்து உங்கள் காதில் சொன்னாள்: "அக்கா, வந்துருச்சு!" எதற்கென்று தெரியாமலே வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

ஊசி போட்டும் சினைப்பை விழிக்காமல் போனவர்களும் உண்டு. அவர்கள் அருகிலும் அதே நாற்காலியைப் போட்டு, ஒன்றும் சொல்லாமல் உடன் அமர்ந்திருந்தீர்கள். அதையும் இங்கே சொல்லாமல் விட்டால் இம்மடல் முழுமையாகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "பொருந்தாது" என்று எழுதிய கை எங்களில் ஒருவருடையது. எழுத்தைப் பார்த்தே ஆள் யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். யாரென்று நீங்கள் கேட்கவேயில்லை. பென்சிலால் அதை அடித்து, "கேட்டாயிற்று" என்று மட்டும் பக்கத்தில் எழுதினீர்கள். அந்தக் கைதான் இம்மடலையும் எழுதுகிறது.

அன்பு அக்கா! நாளைமுதல் அந்த நாற்காலியை நாங்கள் இழுத்துப் போடுவோம். மணமானவரா என்று பார்க்காமல் கேட்போம். கேட்டபின் வாயை மூடிக்கொள்ளவும் முயல்வோம். பிறருக்காக ஒரு வாரம், ஒரு வாரம் என்று கேட்டே காலம் கழித்த உங்களுக்கு, நோயற்ற நெடுங்காலம் கேட்டு நிற்கிறோம்.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
பகல்நேரச் சிகிச்சைப் பிரிவுப் பணியாளர்கள்