பிக்சர் டியூப் உடைத்த கொட்டகை

எங்க பக்கம் இன்னும் நெறைய ஊட்டுல அட்டாலிப் பரண் மேல பழைய டிவி கெடக்குதுங்க. பொட்டி மாதிரி பெருசா இருக்குமே, அதுதான். எங்க கொண்டு போயிப் போடறதுன்னு யாருக்கும் தெரியாது. அதுக்காகத்தான் மோகனூர் ரோட்டுல நான் சேகரிப்பு மையம் ஆரம்பிச்சேன்.

என் பேரு கலைமணி. பள்ளிக்கூடங்களுக்குப் போயி நானே பேசியிருக்கேன். டிவி, கம்ப்யூட்டர் மானிட்டரை ஒடைக்கக் கூடாது, எரிக்கக் கூடாது, குப்பையில போடக் கூடாது, உள்ளார பிக்சர் டியூப் கண்ணாடியில ஈயம் இருக்குது, அனுமதி வாங்குன ஆலைக்குத்தான் அனுப்போணும்னு சொல்லுவேன். புள்ளைங்க கை தட்டுவாங்க.

ஆனா ஆலைக்காரங்க அந்தக் கண்ணாடியைச் சும்மா எடுத்துக்க மாட்டாங்க, காசு கேப்பாங்க. வண்டி வாடகையும் நம்ம தலையிலதான். செம்புக் கம்பியை உருவிட்டு, டியூபைக் கொட்டகையில ஒடச்சு, பழைய குவாரிக் குழியில கொட்டிட்டா வேலை முடிஞ்சுது. தூசி பறந்தா பக்கத்துத் தோட்டங்காட்டுக்காரங்க கேப்பாங்க. அதனால கதவைச் சாத்திக்கச் சொல்லுவேன்.

ஒடைக்கிறது ரஞ்சிதா. புருசன் போர் போடற ரிக் வண்டியில வேலைக்கு வடக்க போயிட்டான். பேச்சே இல்லாத புள்ள. முழுகாம இருக்கறதை எங்கிட்டத்தான் மொதல்ல சொன்னா.

"ஏனுங்க்கா, இந்தத் தூசி வயித்துப் புள்ளைக்கு ஆகாதுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சாமி. மூக்குல துணியைக் கட்டிக்க."

நம்பிட்டா.

அப்பவே என் மக இனியாவுக்கும் நாள் தள்ளிப் போயிருந்துச்சு. ஆட்டையாம்பட்டியிலிருந்து போன்ல கூப்பிட்டு, நாலு நாள் இருந்துட்டுப் போக வாரேன்னா. "இப்ப வேண்டாம் கண்ணு, இங்க ஒரே தூசி"ன்னு சொன்னேன். நான் சொல்லச் சொல்ல ரஞ்சிதா ஒரு மானிட்டரை இடுப்புல அணைச்சுத் தூக்கிட்டு என்னைத் தாண்டிக் கொட்டகைக்குள்ள போனா.

எட்டாம் மாசம் ரஞ்சிதாவுக்குப் புள்ள உசுரில்லாமப் பொறந்துச்சு. ரத்தத்துல ஈயம் இருக்குதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்ததாலதான நீங்க விசாரிக்க வந்திருக்கீங்க. தெரியாமச் செஞ்சேன்னு சொல்ல மாட்டேங்க. தெரியும். இவளை நிறுத்துனா புது ஆளுக்குச் சொல்லிக் குடுக்கோணும், இவளுக்குக் கை பழகியிருந்துச்சு. அவ்வளவுதான்.

போன வாரம் ரஞ்சிதா வந்து மையத்துக் கேட்டுக் கதவுக்கு முன்னால நின்னா. பால் கட்டி ரவிக்கையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு.

"வேலைக்கு வரட்டுங்களாக்கா?"

ஊட்டுல தனியா உக்காந்து அழுதுட்டே இருப்பாளேன்னு எனக்குப் பாவமாப் போச்சுங்க. கொட்டகைச் சாவியை எடுத்து அவ கையில குடுத்தேன்.