யாரும் ஊற்றாத தண்ணீர்

அந்தத் தண்ணீர்க் கதையை மட்டும் இவர்கள் எடுக்காமல் விட்டால் போதும், யா அல்லாஹ்.

முன்வரிசைக் கதிரையில், கைப்பையை மடியில் இரு கையாலும் பிடித்தபடி தலைகுனிந்திருக்கும் றஹ்மா மிஸ்ஸின் மனதுக்குள் இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருப்பது இதுதான். முப்பத்தொரு வருடம் பக்கத்து மேசையில் இருந்தவர்களுக்கு இதுகூடத் தெரியாதா?

சபையோரே, இது படகுத்துறை அலுவலகத்தின் பாராட்டு மடல். ஓய்வுபெறுபவரை நேரே விளித்து, அடைமொழிகளை அடுக்கித் தொடங்குவதே எங்கள் வழக்கம். தலைமை எழுதுநர் இன்பமலரின் முதல் வரைவும் அப்படித்தான் இருந்தது: "கருணைக் கடலே, கடமையின் கலங்கரையே, கனிவே உருவான கண்மணியே!" இந்த அலுவலகத்தில் யார் ஓய்வுபெற்றாலும் மடலைத் தட்டச்சுச் செய்பவர் றஹ்மா மிஸ்தான். அந்தப் பழக்கதோஷத்தில், அவருடைய மடலையும் அவருடைய மேசையிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டோம். பின்னேரம் திரும்பி வந்த தாளில் ஒரு பெயரும் இரண்டு திகதிகளும் மட்டும் இருந்தன.

"மிச்சம் எங்க மிஸ்?" என்று கேட்டார் பயணச்சீட்டுக் கொடுக்கும் றிக்சன்.

"மிச்சத்தை என்ட முகத்துக்கு முன்னால வாசிக்கப் போறீங்களா? அப்ப நான் கூட்டத்துக்கு வர மாட்டன் தம்பி."

ஆகவே 'நீங்கள்' என்று விளிக்காமல், 'அவர்' என்று ஒரு கதைபோலச் சொல்கிறோம். இதை றிக்சன் இரண்டே விரல்களால் தட்டினார். பிழையிருந்தால் அந்த விரல்களை மன்னியுங்கள்.

கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவார் அவர். துறைமுகத்தின் மேல் மூட்டம் கலையாமல், நங்கூரமிட்ட கப்பல்கள் யாரோ காணும் கனவைப் போல் மங்கலாக நிற்கிற நேரம் அது. அவர் மேசை லாச்சியில் நீலமட்டைக் கொப்பி ஒன்று இருக்கும். இஸ்லாத்தின் முதல் தலைமுறைகளில் வாழ்ந்த அறிஞர்களைப் பற்றிப் படித்ததையும் கேட்டதையும் தன் கையெழுத்தில் அதில் எழுதிவைத்திருப்பார். பத்து மணிக்குப் பால் விடாத பிளேன்டி குடிக்கும்போது நாங்கள் கேட்டால் இரண்டு வரி வாசிப்பார். கேட்காவிட்டால் லாச்சி திறக்காது.

அந்த மனிதர்கள் உலகத்தை வெறுத்தவர்கள் அல்ல என்பார். கடை வைத்திருந்தார்கள், பிள்ளை வளர்த்தார்கள், துணி நெய்தார்கள். ஆனால் எதையும் இறுக்கிப் பிடிக்கவில்லை. "கீழ மண்டபத்தில படகுக்குக் காத்திருக்கிற ஆள் குந்தியிருக்கிற வாங்கில தன்ட பேரைச் செதுக்கிறாரா? படகு வந்தா எழும்பிப் போறார். அவ்வளவுதான்," என்பார். செதுக்கியிருக்கிறார்கள் மிஸ், அதுவும் இதயம் கீறி அம்பு விட்டு, என்று றிக்சன் சொன்னபோது முதலில் சிரித்ததும் அவர்தான்.

நல்லதை நினைத்து வெளிக்கிட்டவனுக்கு, போய்ச் சேராவிட்டாலும் கூலி உண்டு என்பதும் அந்தக் கொப்பியில் இருந்தது. அந்த வரியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

இன்னொன்றும் இருந்தது. அவர்களில் ஒருவருக்கு இறைவனை நினைத்தாலே கண்ணீர் வந்துவிடுமாம். சபையில் அப்படி வந்தால், பிறர் தன்னைப் பெரிய பக்திமான் என்று நினைத்துவிடக்கூடாதே என்று சளி பிடித்தவர்போல் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்ன பொல்லாத தடிமன்!" என்பாராம். இதை மிஸ் வாசித்த அன்று இன்பமலர் பிளேன்டிக் கோப்பையை மெதுவாக வைத்துவிட்டு அவரையே பார்த்தார். ஏனென்றால், நண்பகலில் லுஹர் தொழுதுவிட்டு வரும்போதெல்லாம் றஹ்மா மிஸ்ஸுக்கும் தடிமன்தான். அதை நம்பிப் பதினாறு வருடமாகக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தவர் இன்பமலர். மிஸ்ஸும் ஒருநாளும் மறுக்காமல், கசப்பில் முகம் சுளித்து, கடைசிச் சொட்டுவரை குடித்திருக்கிறார்.

இனித் தண்ணீர்.

பயணிகள் மண்டபத்தின் மூலையில் மண்பானை ஒன்று இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதில் தண்ணீர் நிரப்புவது இந்த அலுவலகத்தில் எவருடைய கடமையும் அல்ல. ஆனாலும் முதல் படகுக்கு முன் அது நிறைந்திருக்கும். வெளியே வேர்த்து, உள்ளே குளிர்ந்து, ஏதோ ஒரு நித்திரையிலிருந்து அப்போதுதான் எழும்பியதுபோல் இருக்கும். குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள், மீன்பெட்டி இறக்குபவர்கள், எல்லோரும் குடிப்பார்கள். ஜின் ஊற்றுகிறது என்றார் படகோட்டி றம்ஸான் காக்கா. அந்தோனியார் என்றார் இன்பமலர். "அலுவலகம் ஊற்றுது போல," என்றார் ஒரு பயணி. அதற்குத்தான் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஒன்பது வருடத்துக்கு முன் காவலாளி பாக்கியரத்தினம் ஐயா ஓய்வுபெற்றார். இரவெல்லாம் இங்கே இருப்பவர், வேறு யார் ஊற்றியிருக்க முடியும் என்று நாங்களே முடிவுகட்டி, "தாகம் தீர்த்த தர்மத்தின் தலைமகனே!" என்று அவருடைய மடலில் எழுதினோம். வழமைபோல் றஹ்மா மிஸ்தான் தட்டச்சுச் செய்தார். ஓர் எழுத்தையும் குறைக்கவில்லை. அன்று அவர் விரல்கள் வேகமாக ஓடியதாக இன்பமலருக்கு ஞாபகம். தலைமேல் இருந்த ஏதோ ஒன்றை இன்னொருவர் வாங்கிக்கொண்டது போன்ற ஓட்டம் அது. மேடையில் ஐயா வாயைத் திறந்தார், மூடினார். கைதட்டல் அவருடைய சொல்லை அடித்துக்கொண்டு போய்விட்டது.

அடுத்தநாளும் பானை நிறைந்திருந்தது.

இதற்குமேல் வருவதை ஐயாவே கேட்டுக்கொண்டதால்தான் சொல்கிறோம். செய்யாததற்குச் சபையில் கைதட்டு வாங்கினேன், அது நான் இல்லை என்பதையும் சபையிலேயே வாசியுங்கள் என்றார். சொல்லிவிட்டோம்: அது அவர் அல்ல. யார் என்று இந்த மடலில் எழுதவில்லை. தானாக விளங்கிக்கொள்பவர்களை எங்களால் தடுக்க ஏலாது. ஒரு நல்ல காரியத்தின் மேல் எல்லோருடைய கண்ணும் விழும்போது, செய்தவருக்கும் இறைவனுக்கும் இடையில் இருந்த ஏதோ ஒன்று மெல்லக் கரைந்துபோகிறது என்று அஞ்சுகிற ஒரு மனதை, எங்களுக்கு முழுதாய் விளங்காவிட்டாலும், மதிக்கத் தெரியும்.

வாழ்த்தை இங்கேயே சொல்லிவிடுகிறோம், கடைசிச் சொல் எங்களுடையதாக இருக்கக்கூடாது என்பதற்காக. அவர் நோயின்றி நெடுநாள் இருக்கட்டும். அவருடைய விடியல்கள் இந்தத் துறைமுகத்தைப் போல் ஆழமாகவும் அலையில்லாமலும் இருக்கட்டும். நாளை முதல் மண்டபக் கதவு அதிகாலையில் திறந்தே இருக்கும். உள்ளே வாளியோடு யார் போகிறார் என்று நாங்கள் எட்டிப்பார்க்க மாட்டோம்.

போன செவ்வாய்க்கிழமை பாக்கியரத்தினம் ஐயா தன் ஊரான கப்பல்துறையிலிருந்து வந்தார். கக்கத்தில் அவருடைய மடல், கண்ணாடிச் சட்டத்தோடு. றஹ்மா மிஸ்ஸின் மேசையில் அதை வைத்தார். இன்பமலர் பக்கத்து மேசையில் இருந்தார்.

"மிஸ், இது ஒன்பது வருஷமாச் சுவரில தொங்கி என்னையே பாத்துக்கொண்டிருக்கு. என்ட பேரை வெட்டிப்போட்டு உங்கட பேரை எழுதுங்கோ."

மிஸ் கண்ணாடியில் இருந்த தூசியைத் துடைத்தார். "இதில பிழை ஒண்டும் இல்லையே ஐயா."

"விளையாடாதேங்கோ. நான் அந்தப் பானைக்குள்ள ஒரு சிரட்டை தண்ணிகூட விட்டதில்லை."

"விடியச் சாமத்தில கப்பல்துறையில இருந்து சைக்கிள்ல வாளியும் கட்டிக்கொண்டு வாறது ஆரு?"

ஐயா கதிரையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தார். அந்தப் பொய்ப்புகழை உண்மையாக்கிவிடலாம் என்று, ஓய்வுபெற்ற மறுகிழமையிலிருந்து, முடிந்த நாளெல்லாம் வந்திருக்கிறார் மனிதர். ஒவ்வொரு முறையும் பானை நிறைந்திருந்தது. ஒருமுறை ஈரக் காலடி ஒன்று அலுவலகப் படியேறிப் போவதைக் கண்டு, பின்தொடராமல் திரும்பியிருக்கிறார்.

"நீங்க என்னைக் கண்டனீங்களோ?"

"வெளிக்கிட்டு வந்தவர் நீங்கதானே ஐயா. பானை நிறைஞ்சிருந்தது உங்கட குத்தமில்ல. இதக் கொண்டுபோய் இருந்த இடத்திலயே மாட்டுங்க."

ஐயா சட்டத்தை மீண்டும் மிஸ் பக்கம் தள்ளினார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, மூடியைக் கழற்றி, மேசையில் வைத்தார். "அப்ப கீழயாவது, சின்னனா, உங்கட பேரையும் எழுதுங்கோ. எனக்கு அது போதும். நான் நிம்மதியாக் கண்ணை மூடுவன்."

ஜன்னலுக்கு வெளியே ஒரு படகு சத்தமில்லாமல் கரையைத் தொட்டது. றஹ்மா மிஸ் பேனையை எடுத்தார். மூடியைப் பூட்டி, சட்டத்தின் மேல் வைத்து, அவர் பக்கம் மெதுவாக நகர்த்தினார்.

"வேணாம் ஐயா," என்றார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரியான தடிமன்," என்றார்.

இவ்வண்ணம்,
படகுத்துறை அலுவலக ஊழியர்கள்,
திருகோணமலை.