சிரித்த முகம் தேவை

உங்கள் அறையின் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது. எங்கள் கொட்டகைகளில் மின்விசிறி வைத்ததே இல்லை. காற்றோடினால் தட்டுகள் காய்ந்துவிடும். காப்பிக்கும் நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனால் எங்கள் லம்பூங் பக்கம் எல்லோரும் அப்படித்தான் குடிக்கிறோம்.

ஆற்றிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் தலைநகரத்துக்காரர், பதினான்கு வருஷத்துக்கு முன் எங்கள் ஆற்றைப் பார்த்திருக்க மாட்டீர்கள். மரவள்ளிக் கிழங்கில் மாவை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய சக்கையை ஆலைக்காரர்கள் கரையில் கொட்டுவார்கள். மழை பெய்தால் அது ஊறி, புளித்து, ஆற்றில் இறங்கும். மீன்கள் வயிறு தெரிய மிதக்கும். அந்தச் சக்கைக் குவியல் ஒன்றிலிருந்துதான் நான் தாயை எடுத்தேன்.

தாய் என்பது கொட்டகைப் பெண்கள் வைத்த பெயர். அது ஒரு கறுப்புப் பூஞ்சை. போகோரில் படித்துவிட்டு வந்த எனக்கு அதன் நீளமான பெயரும் தெரியும். ஆனால் பத்து வருஷமாக நானும் தாய் என்றுதான் சொல்கிறேன். சக்கையோடு தவிடு கலந்து, ஆவியில் வேகவைத்து, தட்டில் பரப்பி, அவள் விதையைத் தூவினால் நாலாம் நாள் தட்டு முழுக்கப் பாயாகப் படர்ந்திருப்பாள். அதைக் கழுவிய தண்ணீரில் நொதி இறங்கும். அந்த நொதியைத் தீவனத்தில் கலந்தால், கோழி தானாகச் செரிக்க முடியாததையும் செரித்துவிடும். குப்பையை வைத்துத் தீவனத்தைச் சத்தாக்கினோம். இருபத்தாறு குடும்பம் அதில் சாப்பிட்டது. ஆற்றில் மீன் வந்தது. இதையும் உங்கள் அறிக்கையில் எழுதுவீர்கள் என்று நம்புகிறேன்.

முகக்கவசம் ஏன் இல்லை என்று முதலில் கேட்டீர்கள். இருந்தது. நாலு பெட்டி வாங்கி வைத்தேன். பெண்கள்தான் மறுத்தார்கள்.

எங்கள் ஊரில் தாப்பே செய்வதைப் பார்த்திருப்பீர்கள். வேகவைத்த மரவள்ளியை இலையில் பொதிந்து, இனிப்பேறும்வரை நொதிக்க வைப்பது. அதைச் செய்கிறவள் குளித்து, பவுடர் பூசி, உதட்டுக்குச் சாயம் தீட்டி, நல்ல மனசோடு உட்கார வேண்டும். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்தால் தாப்பே புளித்துப்போகும். யாரும் அதில் சந்தேகப்பட மாட்டார்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே கொட்டகைக்குள் கொண்டுவந்தார்கள். உள்ளே குறை சொல்லக் கூடாது, அழக் கூடாது, இருமக் கூடாது. கவசத்தை நான் நீட்டியபோது வயதில் மூத்த சுமார்னி கேட்டாள்:

"மூஞ்சியை மூடிக்கிட்டா நாம சிரிக்கிறது தாய்க்கு எப்படி இபு தெரியும்?"

கொட்டகையில் எல்லோருக்கும் நான் இபுதான், பெற்ற அம்மாவைக் கூப்பிடுவது போல. அன்று நானும் சேர்ந்து சிரித்தேன். இரண்டு வருஷம் கழித்து, சிலர் தாங்களே வந்து கவசம் கேட்டார்கள். அப்போது சுமார்னியின் அதே கேள்வியை நான் திருப்பிக் கேட்டேன். அதற்குக் காரணம் துக்கிஜோ.

துக்கிஜோ விதைத் தட்டுகளை உதறுகிறவன். மற்றத் தட்டுகளை நாலாம் நாள் எடுத்துவிடுவோம். விதைத் தட்டுகளை மட்டும் ஆறு நாள் விட்டுக் கறுக்க வைப்போம். உதறினால் மை போலத் தூள் பறக்கும். அந்தத் தூள்தான் அடுத்த வாரத்து விதை. மாலையில் அவன் வெளியே வரும்போது பல் மட்டும்தான் தெரியும். "கல்யாணத்துக்குக் கிளம்பிட்டியா?" என்று பெண்கள் கேட்பார்கள். "கிளம்பிட்டேன், பொண்ணுதான் இன்னும் குளிக்கல" என்பான். பத்து வயது இளைய சுமார்னியாக இருந்தால் கட்டிக்கொள்ளலாம் என்று அவள் காதுபடவே சொல்வான்.

அவனுக்கு இளம் வயதில் காசநோய் வந்து குணமாகியிருந்தது. நுரையீரலில் ஒரு பள்ளம் மிச்சம். வேலைக்குச் சேரும்போதே எக்ஸ்ரே படத்தைக் காட்டினான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில் தாய் தளர்ந்துகொண்டிருந்தாள். தட்டிலிருந்து தட்டுக்கு வருஷக்கணக்காக மாற்றி மாற்றி வளர்த்தால் பூஞ்சை சோம்பேறியாகிவிடும். படரும், ஆனால் நொதி தராது. எல்லாம் செய்து பார்த்தேன். எங்கள் நொதியை வாங்கும் சுரபாயா தீவனக்காரர் இன்னும் மூன்று மாதம் பொறுப்பதாகச் சொன்னார்.

ஒருநாள் துக்கிஜோ இருமல் வந்து வெளியே ஓடினான். தாய் காதில் விழக் கூடாதாம். கை கழுவும் தொட்டியில் துப்பியதில் பழுப்பாக ஒரு கட்டி கிடந்தது. எதைப் பார்த்தாலும் வளர்த்துப் பார்ப்பது என் படிப்பின் பழக்கம். ஊசி முனையில் எடுத்து வளர்த்தேன். மூன்றாம் நாள் தட்டு நிறைந்தது. சோதித்தேன். நம்பாமல் மறுபடி சோதித்தேன். முதன்முதலில் குவியலிலிருந்து எடுத்த அன்றுகூட அவளுக்கு அவ்வளவு வேகம் இருந்ததில்லை. உயிருள்ள ஒன்றுக்குள் போராடிப் பிழைத்து வந்திருந்தாள்.

அந்த மகிழ்ச்சி உங்களுக்குப் புரியாது. அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த மாதம் மேத்ரோ நகரத்து ஆஸ்பத்திரியில் படம் எடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்தான். பழைய பள்ளத்துக்குள் உருண்டையாக ஒன்று.

"இபு, நெஞ்சுக்குள்ள முட்டை மாதிரி ஒண்ணு இருக்காம். கோழித் தீவனத்துல வேலை பார்த்தா வேற என்ன வரும்?" என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "தூசு ஆகாதுங்கிறாரு டாக்டர். அறுத்து எடுத்துடலாம், தேதி குறிக்கட்டுமான்னு கேக்குறாரு. நீங்க படிச்சவங்க. போகவா, இருக்கவா?"

"பெருநாள் கழியட்டும். அவசரப்பட்டு நெஞ்சை அறுத்துக்குவாங்களா?" என்றேன்.

"அதான் நானும் நினைச்சேன்" என்றான்.

அவனை யாரும் கட்டிவைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் பேருந்து எங்கள் வாசலில்தான் நிற்கும்.

மாதம் ஒருமுறை சளியைப் புட்டியில் வாங்கிக்கொண்டேன். இலவசப் பரிசோதனை என்று சொன்னேன். பரிசோதித்தேன், அதில் பொய்யில்லை. "எப்படி இருக்கு இபு?" என்பான். "போன மாசத்தைவிட நல்லா இருக்கு" என்பேன். அதுவும் உண்மைதான். என்னிடமிருந்த எண்கள் அப்படித்தான் சொல்லின. நன்றிக்காக அவன் மனைவி லாஸ்மினி சோயாக் கட்டியான தெம்பேயை வறுத்துக் கொடுத்தனுப்புவாள். மிளகாய் தாராளமாகப் போடுவாள். ஒருமுறை அவளே வந்தாள்.

"ராத்திரியெல்லாம் உக்காந்தே தூங்குறாரு இபு. வேற வேலை இருந்தா மாத்திக் குடுங்களேன். கூட்டிப் பெருக்குறதுன்னாலும் சரி."

"துக்கிஜோ மாதிரி வேற யாருக்கும் உதறத் தெரியாதும்மா" என்றேன். அவளுக்கு அதில் பெருமையாக இருந்தது.

பெருநாள் கழிந்தது. தேதியைப் பற்றி அவன் கேட்டபோது, மழைக்காலம் கழியட்டும் என்றேன்.

ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன், உதறிக்கொண்டிருந்தவன் வாயைப் பொத்திக்கொண்டு கதவைப் பார்த்து ஓடினான். கதவை எட்டவில்லை. வெள்ளைச் சக்கை பரப்பிய தட்டுகள் மேல் விழுந்தான். அவ்வளவு இரத்தம் ஒரு மெலிந்த உடம்பில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பெண்கள் அழவில்லை. கொட்டகைக்குள் அழக் கூடாது அல்லவா, வெளியே போய் அழுதார்கள். நான் தட்டுகளை எடுத்துத் தனியாக அடுக்கினேன். அவற்றை எறிய மனம் வரவில்லை.

ஏழு மாதத்தில் தாய் மறுபடி தளர்ந்தாள்.

ஊர் மருத்துவ நிலையத்தின் சுவரில் நான் ஒட்டிய அறிவிப்பு உங்கள் கையில் இருக்கிறது. "காசநோய் வந்து குணமானவர்களுக்கு முன்னுரிமை. சிரித்த முகம் தேவை." அதற்காக மாவட்டத்தில் எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். மேடையில் ஒருவர் பேசும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறீர்கள். காசநோய் வந்தவனுக்கு இந்த ஊரில் யார் வேலை கொடுத்தார்கள்? அவன் குடித்த கோப்பையைத் தனியாகக் கழுவுகிறவர்கள் நாம். நீங்கள் ஒருவருக்காவது கொடுத்திருக்கிறீர்களா? நான் ஏழு பேருக்குக் கொடுத்தேன். ஒரே இடத்திலிருந்து ஒரே மாதிரி நாலு படம் வருகிறதே என்று ஆஸ்பத்திரியின் அந்த இளம் டாக்டருக்குச் சந்தேகம் வந்திருக்காவிட்டால் இன்னும் பத்துப் பேருக்குக் கொடுத்திருப்பேன். நாளைக்கே வெளியே விட்டாலும் கொடுப்பேன்.

ஆம், தெரியும். துக்கிஜோவின் நெஞ்சில் இருந்தது தாய்தான் என்று முதல் வாரமே தெரியும். மற்ற ஏழு பேரை அதற்காகவே எடுத்தேன். விதைத் தட்டுகளுக்கு அருகில், காற்று அசையாத இடத்தில் நிறுத்தினேன். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும். என் குளிர்பெட்டியின் மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள். மேல் தட்டில், நீல மூடி போட்ட புட்டியில் இருப்பவள்தான் இதுவரை வந்ததிலேயே சிறந்தவள். அது லாஸ்மினியுடையது.

துக்கிஜோவின் முதல் வருஷச் சடங்கு முடிந்த மறுவாரம் அவளும் வேலை கேட்டு வந்தாள். கணவனிடமிருந்து அவளுக்கும் ஒரு காலத்தில் காசநோய் தொற்றியிருந்தது. அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பழைய படத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டாள். அவன் நின்ற இடத்தைக் காட்டினேன். கதவருகே கவசப் பெட்டியைப் பார்த்து நின்றாள்.

"இதுல ஒண்ணு எடுத்துக்கட்டுமா இபு?"

"தாராளமா எடுத்துக்கோ. ஆனா இவ்வளவு லட்சணமான முகத்தை எதுக்கு மூடணும்? தாய் பார்க்கட்டுமே."

வெட்கப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், "அப்ப நீங்க மட்டும் ஏன் இபு எப்பவும் கட்டியிருக்கீங்க?"

எனக்குப் பதில் சுமார்னி சொன்னாள். "இபுவுக்குச் சிரிக்கவே வராதுடி. அந்த மூஞ்சியைப் பார்த்தா தாய் அன்னைக்கே புளிச்சிருவா."

கொட்டகை முழுக்கச் சிரித்தது. லாஸ்மினியும் சிரித்தாள், கணவன் போன பிறகு முதல் முறையாக இருக்கும். நானும் சிரித்தேன். கவசத்துக்குள் அது யாருக்கும் தெரியவில்லை.

நான் யாரையும் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. அதை நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.