பதினொரு நிமிட நீலாம்பரி

நத்தார்ப் பாட்டுகளில், அந்தக் கிறிஸ்மஸ் பாட்டுகளில், எனக்கு அசல் அவ்வளவாகப் பிடிக்காது, ஐயா. ஒருவர் முதலில் பாடிவிட்டுப் போய்விடுவார். பிறகு வேறு ஊரில் வேறொருவர் அதை எடுத்துத் தன் வாய்க்கும் கைக்கும் ஏற்றபடி திருப்பிச் செய்வார். அந்த இரண்டாவது ஆளின் பாட்டில்தான் எனக்கு ருசி. நீங்கள் கேட்டது இதை அல்ல என்று தெரியும். ஆனால் இங்கிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும். போன வாரம் வாக்குமூலத்தில் நான் சொன்னதை வெட்டிவிடுங்கள், அது பொய். இன்றைக்குச் சொல்வதை எழுதுங்கள். உடம்பெல்லாம் களைத்துப்போய்க் கிடக்கிறது, இரண்டாம் தரம் சொல்லமாட்டேன்.

பெயர் குகதாசன். வயது ஐம்பத்தாறு, ஊர் அளவெட்டி. ஒலிபெருக்கி கட்டுவது தொழில். இருபது வருஷமாக டிசம்பர் மாதம் முழுக்கக் கடலேரிக்கரை மாதா கோயிலில்தான் நிற்கிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் திருவிழாவில் கட்டும் அதே ஸ்பீக்கர்கள்தான் இங்கே மணிக்கூண்டில் ஏறும். பாட்டு மட்டும் மாறும். சைவக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று அந்த ஊரில் ஒருவரும் ஒரு நாளும் கேட்டதில்லை. நத்தார் அன்று கோயில் கேக்கில் முதல் துண்டை எனக்குத்தான் தருவார்கள்.

என்னுடைய பென்ட்ரைவில் நூற்றுக்கு மேல் பாட்டுகள் இருக்கின்றன. நீர்கொழும்புப் பக்கத்துப் பைலாக்காரர்கள் ஒரு பழைய பனிக்காலப் பாட்டைத் துள்ளத் துள்ளப் பாடியிருக்கிறார்கள், கேட்டால் பனியை ஒருவரும் நம்பமாட்டார்கள். கன்னியர் மடத்துப் பிள்ளைகள் ஆர்மோனியத்தோடு தமிழில் பாடிய ஒன்று இருக்கிறது. மூன்றாவது அடியில் ஒரு பிள்ளை தும்மும். அதை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. லெனாட் கீபோட்டில் வாசித்ததும் இருக்கிறது. லெனாட் யார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் எழுத வேண்டுமென்றால் எழுதுங்கள்: கடற்றொழிலாளி, கோயில் பாடகர் குழுவின் தலைவன், வயது முப்பத்தெட்டு. சுத்தமாக வாசிப்பான். சுருதி ஒரு மயிரிழை விலகாது. அவனுக்கு இருந்த காது அந்தக் கரையில் வேறு எவருக்கும் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. தாலாட்டு மாதிரி மெல்லப் போகும் ஒரு பழைய வெள்ளைக்காரப் பாட்டை அளவெட்டி வித்துவான் ஒருவர் நாதஸ்வரத்தில் வாசித்தது. சமாதான காலத்தின் முதல் நத்தாருக்கு அந்தக் கோயில் மண்டபத்திலேயே பதிவு செய்தார்கள். தாலாட்டுக்கென்றே இருக்கிற இராகம் நீலாம்பரி. வித்துவான் அதில்தான் மூன்று நிமிடம் ஆலாபனை செய்வார். அதன் பிறகே பாட்டுக்குள் இறங்குவார். தவில் எட்டாவது நிமிடத்தில் சேரும். கடைசி இரண்டு நிமிடம் தவிலும் இல்லை, தனி நாதஸ்வரம், பிள்ளை நித்திரையாகிவிட்டது மாதிரி அடங்கி அடங்கி நின்றுபோகும். மொத்தம் பதினொரு நிமிடம். அந்தக் கடைசி இரண்டு நிமிடத்துக்காகத்தான் மற்ற ஒன்பதும்.

இருபது வருஷத்தில் அந்த இரண்டு நிமிடம் ஒரு தடவைகூட மணிக்கூண்டிலிருந்து கேட்டதில்லை. ஒரு முறை செத்தவீட்டு அறிவித்தல் வந்தது. ஒரு முறை காணாமற்போன ஆட்டுக்காக நிறுத்தினார்கள். மற்ற எல்லா வருஷமும் லெனாட்தான். ஆலாபனை தொடங்கினால் எங்கே நின்றாலும் சிரித்துக்கொண்டே வந்துவிடுவான். அவன் கடலில் நிற்கிற நாளில் கோயில் பெடியங்கள் அவனைப் போலவே வந்து சொல்வார்கள்.

"அண்ணை, உந்தக் கலியாணவீட்டு மேளத்தை நிப்பாட்டிப்போட்டுப் பாட்டைப் போடுங்கோ. மாப்பிளை எங்கை எண்டு சனம் தேடுது."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே மாற்றிவிடுவேன். எனக்கு அவன் மேல் கோபம் இல்லை, இதை எழுதிக்கொள்ளுங்கள். என் முழங்கால் வலிக்கிறது என்று ஸ்பீக்கர்களை மணிக்கூண்டுக்குத் தோளில் தூக்கிப் போனவனும் அவன்தான். நல்ல பிள்ளை.

இனி அந்த ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது. டிசம்பர் மாதம் பின்னேரம் இரண்டு மணிக்குப் பாட்டுத் தொடங்கி ஆறு மணிக்குத்தான் முடியும். வாடைக்காற்று கரையிலிருந்து கடலேரிப் பக்கம் அடிப்பதால் இரண்டு மைல் தூரத்துக்குத் தண்ணீரில் பாட்டுக் கேட்கும். முன்னொரு வருஷம் நடுவில் கறண்ட் போய்ப் பாட்டு நின்றபோது, கரையில் ஏதோ நடந்துவிட்டது என்று வள்ளங்கள் எல்லாம் ஓடி வந்தன. வந்து கால் மணித்தியாலத்தில் பெருங்காற்று. அன்றைக்குக் கறண்ட் போயிருக்காவிட்டால் பத்துப் பன்னிரண்டு பேர் போயிருப்பார்கள். அதற்குப் பிறகு கடற்றொழிலாளர் சங்கம் கூடி அதையே சட்டமாக்கிவிட்டது. பாட்டு நின்றால் வலையை விட்டுவிட்டு வா. பாட்டுப் போனால் பயமில்லை, தொழிலைப் பார். சும்மா கறண்ட் போய் ஆட்களைப் பதறவைக்கக்கூடாது என்று எனக்கு ஒரு ஜெனரேற்றரும் வாங்கித் தந்தார்கள். காற்று அறிவித்தல் வந்தால் சங்கச் செயலாளர் எனக்குப் போன் எடுப்பார், நான் நிறுத்துவேன். போனை உப்புத்தண்ணீர் தின்றுவிடும் என்று அங்கே பலர் கடலுக்குக் கொண்டுபோவதில்லை. லெனாட்டும் கொண்டுபோவதில்லை. பாட்டு இருக்கிறதே என்பான்.

இருபத்துமூன்றாம் திகதி. நத்தாருக்கென்று எல்லோரும் வள்ளங்களைக் கரையில் இழுத்துவிட்டிருந்தார்கள். லெனாட்டின் வள்ளம் மட்டும், முதல் நாள் விட்ட நண்டு வலையை எடுக்கப் போயிருந்தது. அவன், அவனுடைய மச்சான் சுரேஸ், கூடத் தொழில் செய்யும் கோகுலன். மூன்று பேரும் தள்ளிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். லெனாட் கையைக் காட்டினான்.

பாதர் பட்டணத்துக்குப் போயிருந்தார். பாலன் குடில் கட்டிய பெடியங்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். கோயில் வளவில் நானும் ஒரு நாயும்தான். நிறுத்தச் சொல்கிறவன் தண்ணீரில் நிற்கிறான். இரண்டு ஐம்பதுக்கு நீலாம்பரியைப் போட்டேன். இதில் ஒரு குற்றமும் இல்லை.

இரண்டு ஐம்பத்திரண்டுக்குப் போன் வந்தது. வரவில்லை என்று போன வாரம் சொன்னேன், நீங்கள் போன் கொம்பனியில் கேட்டுப் பார்த்துவிட்டீர்கள். செயலாளர்தான்.

"குகதாசண்ணை, உடனை பாட்டை நிப்பாட்டுங்கோ. பெருங்காத்து வருதாம். லெனாட்டின்ரை வள்ளம் வெளியிலை நிக்குது."

"ஓம், ஓம். இப்ப நிப்பாட்டுறன்" என்றேன்.

விரல் பொத்தானில்தான் இருந்தது. ஆலாபனை நடுவில் ஒரு மூச்சு எடுக்கும் இடம் வரும், அதில் நிறுத்தினால் அசிங்கமாக இருக்காது என்று நினைத்தேன். அந்த இடம் வந்தது, போய்விட்டது. பாட்டுக்குள் இறங்கியதும் நிறுத்தலாம் என்று நினைத்தேன். இறங்கியதும் அதற்கு மனம் வரவில்லை. வானம் தெற்கே கொஞ்சம் கறுத்திருந்தது, அவ்வளவுதான். ஒன்பது நிமிடம்தானே மிச்சம். இருபது வருஷம் பொறுத்தவனுக்கு ஒன்பது நிமிடம் கொடுக்கக்கூடாதா என்று எண்ணினேன். அப்போது அது நியாயமாகப் பட்டது. இப்போதும் முற்றாகப் பிழை என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்த நேரம் லெனாட்டின் மனைவி ஜெசிந்தா வந்தாள். ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்கு எனக்குப் பிளேன்ரீ, பாலில்லாத தேத்தண்ணி, கொண்டுவருவாள், சீனியைத் தனியாக ஒரு கடதாசியில் சுற்றியிருப்பாள். ரீயைக் கையில் தந்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணை, காத்து ஒரு மாதிரிக் கிடக்கு. அறிவித்தல் ஒண்டும் வரேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை. பாட்டுப் போகுதுதானே."

"ஓம், அதுதானே" என்றாள். முகம் தெளிந்துவிட்டது. போகும்போது திரும்பி, "உது நல்லாக் கிடக்கண்ணை, ஆர் வாசிக்கிறது?" என்று கேட்டாள்.

அளவெட்டியில் ஒருவர் என்றேன். அந்த ஒருவர் நான்தான், ஐயா. பதிவு செய்து ஏழு மாதத்தில் சங்குவேலிச் சந்தியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து முன்பல்லு நாலும் போய்விட்டன. கட்டின பல்லை வைத்து நாதஸ்வரம் ஊத முடியாது. அதற்குப் பிறகுதான் ஒலிபெருக்கி. நான் வாசித்ததென்று மிச்சம் இருப்பது அந்தப் பதினொரு நிமிடம் ஒன்றுதான். அந்த ஊரில் இதை அறிந்தவர் பழைய பாதர் ஒருவர்தான், அவரும் மாற்றலாகிப் போய்விட்டார். லெனாட்டுக்கு இது தெரியாது. நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவன் மரியாதைக்காக முழுவதையும் கேட்டிருப்பான். மரியாதைக்குக் கேட்பதில் எனக்கு என்ன இருக்கிறது?

இரண்டு ஐம்பத்தெட்டுக்குக் கறண்ட் போனது. தவில் சேர்ந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டது. கடல் சத்தம் மட்டும். நிறுத்தாமல் விட்டது ஒரு பிழை, ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான் என் குற்றம் என்று போன வாரம் சொன்னேன். அதுவும் பொய். நான் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் அவர்கள் கரைக்கு வந்திருப்பார்கள். பாட்டு தானாகவே நின்றுவிட்டது. நான் அந்தப் பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டு அப்படியே இருந்திருந்தால் போதும்.

நான் எழும்பினேன். பின்பக்கம் போய் ஜெனரேற்றரின் கயிற்றை இழுத்தேன். முதல் இழுவையில் வரவில்லை, இரண்டாவதிலும் வரவில்லை. மூன்றாவதில் பிடித்தது. என் முழங்காலோடு நாற்பது அடி நடந்து போய் மூன்று தரம் இழுத்தேன் என்று எழுதுங்கள். யோசிக்க நேரம் இருக்கவில்லை என்று பிறகு ஒருவரும் எனக்காகச் சொல்லக்கூடாது.

கறண்ட் போய் வந்தால் பென்ட்ரைவ் விட்ட இடத்திலிருந்து தொடங்காது. முதலிலிருந்துதான் தொடங்கும். திரும்பவும் ஆலாபனை, திரும்பவும் முழுப் பதினொரு நிமிடம். அம்பிளிபயருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து கேட்டேன். பட்டணத்தில் நின்ற செயலாளர் நாலு தடவை எடுத்தார், போனைக் கவிழ்த்து வைத்தேன். மழை வந்தது, ஒலியை ஒரு புள்ளி கூட்டினேன். மூன்று பன்னிரண்டுக்கு, பிள்ளை நித்திரையாகிற அந்த இடம் மணிக்கூண்டிலிருந்து முழுதாகப் போய் முடிந்தது. அதற்குப் பிறகுதான் மைக்கைப் போட்டு, வள்ளங்கள் கரைக்கு வரவும் என்று சொன்னேன். ஜெசிந்தா அந்த நேரம் கரையில் நனைந்துகொண்டு நின்றாள். என் குரலைக் கேட்டதும் திரும்பி மணிக்கூண்டைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் என்னைத் தின்கிறது, மற்றதெல்லாம் எனக்குக் களைப்பு மட்டும்தான்.

கோகுலன் மிதந்த வெறும் எண்ணெய்க் கலனைப் பிடித்துக்கொண்டு இருட்டமுன் கரையேறினான். சுரேஸை அடுத்த நாள் எடுத்தார்கள். லெனாட்டை நத்தார் அன்று காலையில் கண்டல்காட்டுக்குள் எடுத்தார்கள். அந்த நத்தாருக்கு மணிக்கூண்டில் பாட்டு இல்லை. அவர்கள் இரண்டு பேரையும் நான்தான் கொன்றேன் என்று எழுதலாம். சொல் எனக்குப் பெரிதாகப் படுகிறது, ஆனால் வேறு சொல் கிடையாது.

கோகுலன் உங்களுக்குச் சொன்னதை நேற்று எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். பாட்டு நின்ற உடனே லெனாட் வலையைப் போட்டுவிட்டு எஞ்சினை இழுத்திருக்கிறான். வள்ளத்தைக் கரைக்குத் திருப்பி முன்னூறு மீற்றர் வந்தும்விட்டார்கள். அப்போது ஜெனரேற்றரில் பாட்டு வந்திருக்கிறது. "கறண்ட்தான் போயிருக்கு, அண்ணை போட்டிட்டார். ஒண்டுமில்லை, திருப்புவம்" என்றானாம். திரும்பிப் போய் வலையை எடுத்திருக்கிறார்கள். உது திரும்ப முதலிலையிருந்து போகுது என்று சுரேஸ் பகிடி பண்ணினானாம். லெனாட் வலையை இழுத்தபடி கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துவிட்டு, "விடு, போகட்டும். தண்ணிக்கு மேலாலை கேக்க உது வடிவாக் கிடக்கு. நான்தான் இவ்வளவு காலமும் முழுக்கக் கேக்கேல்லை" என்று சொன்னானாம்.

அந்த இடத்தில் நான் அழுதேன். நீங்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் தந்தீர்கள். செத்தவர்களை நினைத்து அழுகிறான் என்று எழுதியிருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள், இன்றைக்கு நான் ஒரு பொய்யும் சொல்வதாக இல்லை.

கையெழுத்துப் போடுகிறேன், பேனையைத் தாருங்கள். அதற்கு முன்னம் லெனாட் கடைசியாகச் சொன்ன அந்த வரியை என்னுடைய வாக்குமூலத்திலும் சேர்த்துவிடுங்கள், அவன் பெயரைப் போட்டு. பாட்டு விஷயத்தில் அவன் மரியாதைக்காக ஒன்றும் சொல்கிறவன் இல்லை.