தோ பாயோ வீட்டு லைன்

மோடம் பொருத்துவது ஒன்றும் சிரமமான வேலை இல்லை, இன்ஸ்பெக்டர். கையேட்டைப் பொறுமையாகப் படிக்கத் தெரிந்த எவரும் ஒரு மதியத்தில் முடித்துவிடலாம். எங்கள் அலுவலகத்தில் பொறுமை என் ஒருவனிடம்தான் இருந்தது. அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

எண்பத்தேழாம் ஆண்டுக் கடைசி. சிராங்கூன் சாலையில் பருப்பும் மசாலாவும் இறக்குமதி செய்யும் கம்பெனி. மேல்மாடியில் ஆறு கம்ப்யூட்டர்களை ஒரே நெட்வொர்க்கில் இணைத்திருந்தோம். வேலை நேரம் முடிந்த பிறகு அது படுத்துக்கொண்டால் நான் தோ பாயோவிலிருந்து பஸ் பிடித்து வரவேண்டும். வீட்டிலிருந்தே டெலிபோன் வழியாக உள்ளே நுழைய ஏற்பாடு செய்துகொள்ளச் சொன்னார் முதலாளி பாலகிருஷ்ணன். வெளியாள் யாரும் நுழைந்துவிடாமல் இருக்க அதில் ஒரு பாதுகாப்பு உண்டு. நான் கூப்பிட்டதும் அலுவலக மோடம் லைனை வைத்துவிட்டு, பதிவு செய்த என் வீட்டு எண்ணைத் தானே திருப்பிக் கூப்பிடும். வீட்டு மோடம் முதல் மணியிலேயே எடுத்துவிடும். அந்தப் பெட்டியைச் சின்ன அறையில் வைத்துக் கதவைப் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொண்டேன். கம்பெனிச் சொத்து, பாருங்கள்.

வீட்டில் இருந்தது ஒரே லைன். என் மனைவி அருள்ஜோதி அதில் தினமும் தன் அக்காள் அந்தோனியம்மாளுடன் பேசுவாள். அக்காள் தூரத்தில், உட்லண்ட்ஸில் இருந்தார். அருளுக்கு ஆஸ்துமா, வெளியே அதிகம் போகமாட்டாள். பேசுவதை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. ஆனால் பேசிய நாளெல்லாம் மாலையில் ஒரு கேள்வி காத்திருக்கும். அக்காள் வீட்டருகே பாலர் பள்ளியில் ஆள் கேட்கிறார்களாம், போகட்டுமா என்பாள். வாரத்தில் நாலு நாள் அங்கேயே தங்கிக்கொள்ளலாமாம். மெதுவாகத்தான் கேட்பாள். எனக்குப் பயமாக இருந்தது. நாலு நாள் ஐந்தாகும், பிறகு ஏழாகும். தனியாக இருந்து எனக்குப் பழக்கமில்லை.

ஒரு நாள் சோதனைக்காக அலுவலகத்திலிருந்து வீட்டு மோடத்தைக் கூப்பிட்டேன். வேலை எதுவும் நடக்காவிட்டால் எத்தனை நிமிடத்தில் லைனைத் துண்டிக்க வேண்டும் என்று அதற்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். கையேடு பத்து என்றது. நான் பூஜ்யம் கொடுத்திருந்தேன். பூஜ்யம் கொடுத்தால் துண்டிக்கவே துண்டிக்காது. முதல் தடவை நடந்தது கவனக்குறைவுதான், நீங்கள் நம்பலாம்.

"இன்னைக்குப் பூரா போன்ல ஒரே கிர்ருனு சத்தங்க. அக்காகிட்ட பேசவே முடியல," என்றாள் அன்று மாலை.

"எக்ஸ்சேஞ்சுல ஏதோ வேலை நடக்குது போல," என்றேன்.

அன்று கேள்வி வரவில்லை. மீன்குழம்பு நன்றாக வந்திருந்தது. இருவரும் உட்கார்ந்து டிவி பார்த்தோம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நானாகவே வீட்டு மோடத்தைக் கூப்பிட்டேன், ஆறு மணிக்கு லைனை வைத்தேன். மூன்று மாதம் அப்படியே போயிற்று. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசைக்குப் பிறகு அவள் அக்காளைப் பார்ப்பாள். நானும் பக்கத்தில் நிற்பேன்.

நடுவில் சில நாள் கீழே காபிக்கடையோரம் இருந்த காசு போனுக்கு இறங்கிப் போனாள். எங்கள் மாடியில் லிஃப்ட் நிற்காது. ஒரு மாடி ஏறித் திரும்புவதற்குள் அவளுக்கு மூச்சு இழுத்துக்கொள்ளும்.

"எதுக்கு உடம்பைக் கெடுத்துக்கிற?" என்றேன். அக்கறையாகத்தான் சொன்னேன். அதோடு போவதை நிறுத்திக்கொண்டாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை. மோடம் பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது ரிசீவரை எடுத்தால் லைனில் சத்தம் கலக்கும். அது அலுவலகத்தில் என் திரையில் கண்டபடி எழுத்துகளாக விழும். இரண்டு மூன்று எழுத்து விழுந்து நின்றால், எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள் என்று அர்த்தம். எனக்கு அது பிடித்திருந்தது. வேலைக்கு நடுவே அவள் பக்கத்தில் நடமாடுவதுபோல இருக்கும்.

அந்தப் புதன்கிழமை மதியம் இரண்டரைக்கு அந்தோனியம்மாள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, வீட்டு லைன் காலையிலேருந்து எங்கேஜ்லா. ஞாயித்துக்கிழமையே அவளுக்கு இழுப்பு அதிகமா இருந்துச்சு. கொஞ்சம் என்னன்னு பாருங்க."

"யார்கூடயாவது பேசிக்கிட்டிருப்பா, அக்கா."

"என்னை விட்டா அவ யார்கூட தம்பி பேசப்போறா?"

"நான் பாத்துக்கிறேன்," என்று வைத்தேன். பார்க்கவும் செய்தேன்.

இரண்டே முக்காலுக்கு எழுத்துகள் விழ ஆரம்பித்தன. இரண்டு மூன்றோடு நிற்கவில்லை. வரி வரியாக விழுந்தன. கொஞ்சம் ஓய்ந்து மறுபடி விழுந்தன. பேச்சானாலும் இருமலானாலும் மோடத்துக்கு ஒன்றுதான், எல்லாவற்றையும் எழுத்தாக்கிவிடும். லைனை வைக்க நான் மூன்று எழுத்து அடித்தால் போதும். விரல் விசைப்பலகைமேல்தான் இருந்தது. பாலர் பள்ளிக்குப் பதில் சொல்ல அந்த வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று ஞாயிறன்று அக்காள் சொல்லியிருந்தார். வைத்தால் அவள் உடனே அக்காளைக் கூப்பிடுவாள், அக்காள் வந்து அருளைக் கையோடு உட்லண்ட்ஸுக்குக் கூட்டிப் போய்விடுவார். அவளுக்கு மூச்சு முட்டுகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வைக்கவில்லை. மூன்று மணிக்குத் தேநீர் வந்தது, குடித்தேன். மூன்று பத்துக்குத் திரை நின்றுவிட்டது. மனதில் ஒன்றும் தோன்றவில்லை. மிச்சம் இருந்த வேலையைப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு ஆமினா பீவி மகள் வீட்டுக்குப் போய்விட்டு ஐந்தரைக்குத் திரும்பி, கிரில் கதவு வழியாக அருள் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். தன் வீட்டிலிருந்து ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அலுவலகத்துக்குக் கூப்பிட்டு எனக்கும் சொன்னார். அதற்குப் பிறகுதான் லைனை வைத்தேன்.

சாவுக்குக் காரணம் ஆஸ்துமா என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார், அது சரிதான். கடைசியில் தங்கை தன்னைத்தான் கூப்பிட்டிருப்பாள் என்று உங்களிடம் புகாரில் சொல்லியிருக்கிறார் அந்தோனியம்மாள். ஆம்புலன்ஸுக்கு முயன்றிருப்பாள் என்பது உங்கள் கணக்கு. உங்கள் இருவருக்கும் அவளைச் சரியாகத் தெரியாது. ஒன்பது வருஷம் கூட வாழ்ந்தவன் சொல்கிறேன், இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் கூப்பிட்டது என்னைத்தான்.