தெற்கு மூலை விளக்கு

கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போகிறவர்களை எனக்கு எப்போதுமே ஆகாது. நீங்கள் உள்ளே வந்ததும் ஏ.சி. ஓடுவதைப் பார்த்துக் கதவைச் சாத்தினீர்கள். அதனால்தான் உங்களிடம் முழுதாகச் சொல்லலாம் என்று தோன்றியது.

பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள எங்கள் மீன் ஏலக்கூடத்துக்கு நான் ஆறு வருடமாகப் பொறுப்பாளர். கீழே ஏலத் தளம், பின்னால் ஐஸ் அறை, மேலே மொட்டை மாடி. பொதுக் கட்டடங்கள் மின்சாரத்தை எவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கின்றன என்று பார்த்து நட்சத்திரச் சான்று கொடுக்கிறார்கள். ஒரு வருடத்துக்கான மீட்டர் கணக்கைச் சதுர மீட்டரால் வகுப்பார்கள். வரைபடத்தில் உள்ளது கட்டடத்தில் இருக்க வேண்டும். நடுவில் ஒன்றை மாற்றினாலும் மறுபடி முதல் மாதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறையும் ஐஸ் அறைக் கதவால் போயிற்று. நண்டுக் கூடையை முட்டுக் கொடுத்து, கதவை விரியத் திறந்து வைத்துவிட்டுப் பேரம் பேசுவார்கள். "கதவைச் சாத்துங்கள்" என்று நோட்டீஸ் ஒட்டினேன். அதைக் கிழித்து அதிலேயே இறாலை மடித்துக்கொண்டு போனார்கள். கூட்டிப் பெருக்கும் வெண்ணிலா, "குளுருக்குக்கூட பூட்டு போடுவ போலக்குது சார்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது முறை சதுர மீட்டருக்கு நான்கு யூனிட் அதிகமாகி இடித்தது. கதவைச் சாத்தச் சொல்லிக் கெஞ்சிப் பயனில்லை. மாடியின் வடக்கு மூலையில் இரவெல்லாம் எரியும் பெரிய விளக்கு மட்டும் வருடத்துக்கு ஆயிரத்து எழுநூறு யூனிட் தின்றது. அதைக் கழற்றிவிட்டு, வெயில் நன்றாக விழும் தெற்கு மூலையில் ஒரு சோலார் விளக்கைப் பொருத்தினேன். வரைபடத்திலும் அப்படியே குறித்து அனுப்பினேன். மீட்டரில் ஒரு யூனிட்கூட ஏறாது. வெளிச்சமும் குறையவில்லை.

அந்த விளக்கைப் படகுக்காரர்கள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. இதை வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாதம் ஒரு படகு முகத்துவாரத்து மணல் திட்டில் ஏறியது. அன்று ஆளுக்குச் சேதமில்லை. வெண்ணிலாவின் அப்பா உலகநாதன் நான்கு பேரோடு மாடிக்கு வந்தார். லைட்ஹவுஸ் ஊரைத்தான் காட்டும், வாய்க்காலைக் காட்டாது என்றார். ஊர்த் தண்ணீர் டேங்க்கின் உச்சியில் ஒரு சிவப்பு பல்பு உண்டு. கடலிலிருந்து பார்க்கும்போது எங்கள் மாடி விளக்கு அதற்கு நேர் கீழே வர வேண்டும். வந்தால் எதிரே ஆழம். அப்படியே ஓட்டிக்கொண்டு வரலாம். விளக்கு தெற்கே போனதால் அந்தக் கோடு திட்டின் மேல் விழுந்திருக்கிறது.

நான்கு போல்ட்டைக் கழற்றி, கம்பத்தோடு தூக்கி, வடக்கு மூலையில் நட்டார்கள். நான் வரைபடத்தைக் காட்டினேன்.

"நீ பேப்பர்ல எங்க வேணா வரைஞ்சுக்கோ சார்" என்றார் உலகநாதன். "வெளக்கு டேங்க்குக்குக் கீழதான் நிக்கும்."

சரி என்றேன். சான்று கொடுப்பவர்களுக்கு எழுதித் தெரிவித்திருக்க வேண்டும். எழுதியிருந்தால் மூன்று மாதக் கணக்கு வீண். எழுதவில்லை.

பன்னிரண்டாம் மாதம் சோதனைக்கு நாள் குறித்தார்கள். வியாழன் காலை பத்து மணி, சென்னையிலிருந்து சந்தியா மேடம். இருட்டிய பிறகு விளக்கு எரியும் படம் ஒன்றும் வேண்டும் என்றார்கள். புதன்கிழமை மதியம் படகுகளெல்லாம் கடலுக்குப் போன பிறகு நான் மாடிக்கு ஏறினேன். நான்கு போல்ட். ஒரு மணி நேரம் ஆயிற்று. வரைபடமும் கட்டடமும் ஒன்றாயின.

கீழே வரும்போது வெண்ணிலா நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா சார், மேல இன்னா வேலை?"

"விளக்கைத் துடைத்தேன்."

"நைனா கடலுக்குப் போயிருக்குது. வெளக்கு அதே எடத்துலதான இருக்குது?"

"இருக்கிறது" என்றேன். வரைபடத்தின்படி அது உண்மை.

மாடிக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏழு மணிக்குப் படம் எடுத்தேன். அதன் பிறகு விளக்கை அணைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அணைத்திருக்கலாம். விளக்கே இல்லை என்றால் விடியும்வரை கடலிலேயே நின்றிருப்பார்கள். விளக்கு இருந்தால்தான் நம்பி வருவார்கள். இதெல்லாம் அப்போதே எனக்குத் தோன்றியது. ஆனால் அணைந்த விளக்கை இரவில் யாராவது பார்த்து, காலையில் பழுது என்று மேடத்திடம் சொல்லிவிட்டால் ஒரு வருடம் போய்விடும். பேன்டை இஸ்திரி போட்டுவிட்டுப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள்.

விடிவதற்கு முன் உலகநாதனின் படகு வந்திருக்கிறது. அலை பெரிதாம். திட்டில் மோதிக் கவிழ்ந்ததில் மூன்று பேர். ஊரே கரையில் நின்றது. போலீஸ் வரும்வரை வைக்க வேறு இடம் இல்லாததால் எங்கள் ஐஸ் அறையில்தான் கிடத்தினார்கள்.

மேடம் பத்து மணிக்குச் சரியாக வந்தார். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு நாள் வருகிறேன் என்றார். இன்று விட்டால் மறுபடி ஒரு வருடம் ஆகும் மேடம், மாடியை மட்டும் பார்த்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் கையெழுத்துப் போடாமல் காரில் ஏறிவிட்டார். எல்லாம் சரியாக இருந்தும் போடவில்லை. அதுதான் எனக்குத் தாளவில்லை.

திரும்பி உள்ளே வந்தேன். ஐஸ் அறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. வெண்ணிலா நிலையில் சாய்ந்து, உள்ளே அப்பாவைப் பார்த்தபடி நின்றாள். அரை மணி நேரமாக அப்படித்தான் நிற்கிறாள் என்றார்கள். மோட்டார் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தோளைத் தொட்டு, மெதுவாக வெளியே நகர்த்திவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினேன்.

அங்கே நூறு பேர் இருந்தார்கள், ஐயா. அந்தக் கதவைச் சாத்த வேண்டும் என்ற அக்கறை எனக்கு ஒருவனுக்குத்தான் இருந்தது.